பிடித்தால் இறங்கும், விட்டால் நிற்கும்

கயிற்றுக்கும் நமக்கும் இருந்த உறவு கிணற்றோடு போயிற்று என்று நினைத்திருந்தேன். ஸ்விட்சைப் போட்டால் தண்ணீர் வருகிறது. துணி காயப்போட ஸ்டாண்ட் வந்துவிட்டது. கட்டில் கயிறு, ஊஞ்சல் கயிறு எல்லாம் சினிமாவில்தான். இந்த நிலையில் மூன்று வாரம் கயிறு, முடிச்சு, உராய்வு தவிர வேறு பேச்சே இல்லாத ஒரு வீட்டில் இருக்க நேர்ந்தது. அமெரிக்காவில் சியாட்டில் பக்கம், ரெட்மண்ட். என் அக்கா வீடு.

அக்கா பையன் அங்கேயே பிறந்து வளர்ந்தவன். 27 வயது. கம்ப்யூட்டர் படித்து, நாலு வருஷம் ஒரு பெரிய கம்பெனியில் உட்கார்ந்திருந்தான். 2023-ல் கொத்துக் கொத்தாக ஆட்களை அனுப்பினார்களே, அதில் இவனும் ஒருவன். அடுத்த வேலை தேடுவான் என்று எல்லோரும் காத்திருக்க, பையன் ஹெல்மெட்டும் கையுறையும் வாங்கி வந்து நின்றான். மரம் ஏறப் போகிறானாம். அங்கே இந்தத் தொழிலுக்கு ஆர்பரிஸ்ட் என்று பெயர். வீட்டுத் தோட்டத்தில் நிற்கிற ராட்சச மரங்களின் பட்ட கிளையை வெட்டுவது, புயலில் முறிந்ததைப் பத்திரமாக இறக்குவது, நோய் பார்ப்பது. பெயர் எதுவானாலும் அக்காவுக்கு அது மரமேறுவதுதான்.

ஒரு வருஷம் கீழே நின்று கிளை பொறுக்கினான். பிறகு, 'நீ மேலே போகலாம். ஏறுகிற சாமான்களை நீயே வாங்கிக்கொள்' என்று சொல்லிவிட்டார்கள். அன்று ராத்திரியே அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"நீ இஞ்சினீயரிங்தானேடா படிச்சே? வந்து பாரு. அந்தக் கயிறும் கொக்கியும் தாங்குமான்னு சொல்லு. தாங்காதுன்னா வேணாம்னு அடிச்சுச் சொல்லிடு. நீ சொன்னா கேப்பான்."

தாங்கும் என்று சொன்னால் பையன் ஏறுவான். தாங்காது என்றால் நிற்பான். இரண்டுக்கும் நான் பொறுப்பு.

அந்த ஊர் மரங்களைச் சொல்லிவிடுகிறேன். டக்ளஸ் ஃபர் என்று ஒரு மரம். நம் வீட்டு வாசலில் வேப்பமரம் நிற்பதுபோல் அங்கே அது நிற்கிறது. 40 மீட்டர் உயரம் சர்வ சாதாரணம். பன்னிரண்டு, பதின்மூன்று மாடி. அதன் உச்சிக்குப் பக்கத்தில் விரல் பருமனுக்கு, 11, 12 மில்லிமீட்டர் கயிறு ஒன்றில் ஒரு பிள்ளை தொங்கிக்கொண்டிருப்பான், இடுப்பில் ரம்பத்தோடு.

கயிற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். மரம் ஏறுகிற கயிறு குறைந்தது 5400 பவுண்டு தாங்க வேண்டும் என்பது அந்த நாட்டு விதி. சுமார் 2450 கிலோ. ஒரு ஜீப்பைத் தொங்கவிடலாம். கவலை எங்கே என்றால், கயிற்றையும் மனிதனையும் சேர்க்கிற இடத்தில். ஏறும்போது வழுக்கிக்கொண்டு மேலே வர வேண்டும், நின்றால் கவ்விக்கொள்ள வேண்டும், இறங்க நினைத்தால் நினைத்த வேகத்தில் மட்டும் விட வேண்டும். மூன்றையும் ஒரே பொருள் செய்ய வேண்டும். அதைத்தான் உராய்வுக் கருவி என்கிறார்கள். பையன் வாங்க வேண்டியது அதைத்தான்.

இதில் ஆதி காலத்துக் கருவி வெறும் முடிச்சு. கார்ல் புருஸிக் என்ற ஆஸ்திரிய மலையேறி 1931-ல் ஒரு முடிச்சைப் பற்றி எழுதினார். தடிமனான கயிற்றில் மெல்லிய கயிற்றைச் சுற்றிப் போட்டால், எடை விழுந்தால் இறுகும், எடை போனால் நகரும். இன்றைக்கும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்த வம்சத்தில் இப்போது டஜன் கணக்கில் முடிச்சுகள். மரமேறிகள் பிளேக் என்பவர் பெயரில் ஒன்று போடுகிறார்கள். இத்தாலியின் ஆவோஸ்டா பள்ளத்தாக்கின் பெயரில் பின்னல் மாதிரி ஒன்று. பையன் சாப்பாட்டு மேஜைக் காலில் எல்லாவற்றையும் போட்டுக் காட்டினான். ரசம் ஆறிப்போயிற்று.

முடிச்சு எப்படித் தாங்குகிறது? எங்கள் ஊரில் கிணறு தூர் வாரும்போது ஆளை இறக்குகிற கயிற்றை வேப்பமரத்தில் இரண்டு சுற்று சுற்றி, முனையை ஒரு சின்னப் பையன் கையில் கொடுத்துவிடுவார்கள். அவன் சும்மா பிடித்துக்கொண்டிருப்பான், உள்ளே ஒரு பெரிய ஆள் இறங்கிக்கொண்டிருப்பார். இதற்குக் கணக்கு உண்டு. ஆய்லர் போட்டது. உராய்வு எண் 0.25 என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு விசை கிட்டத்தட்ட 5 மடங்காகப் பெருகும். இரண்டு சுற்றுக்குப் பத்து என்று நினைப்பீர்கள். இல்லை, 23. மூன்று சுற்றுக்கு 111. அதாவது இரண்டு சுற்றிலேயே 70 கிலோ ஆளை 3 கிலோ பலத்தில் நிறுத்திவிடலாம்.

சந்தோஷமான செய்திதான். ஆனால் கணக்கு இரண்டு பக்கமும் வெட்டும். மழையிலோ, மரப் பிசினிலோ, புதுக் கயிற்றின் வழவழப்பிலோ அந்த 0.25 கொஞ்சம் மாறி 0.20 ஆனால், மூன்று சுற்றின் 111 மடங்கு 43 ஆகிவிடும். நேற்று இறுகிப்போய் உயிரை எடுத்த முடிச்சு இன்றைக்குச் சறுக்கும். கடையில் பெட்டியைப் பார்த்து வாங்குகிற சமாச்சாரம் இல்லை என்பது இங்கேதான் புரிய ஆரம்பித்தது. கயிறு, முடிச்சுக்கயிறு, ஆள் எடை, ஊர் மழை எல்லாம் சேர்ந்ததுதான் கருவி. பையன் 64 கிலோ. அவனுக்கு வெண்ணெய் மாதிரி நழுவிய முடிச்சு, என் 82 கிலோவுக்கு இறுகிப்போய், விடுவிக்க அவன் வந்து தோளைக் கொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. (கொல்லையில் ஒரு மேப்பிள் மரத்தில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில். பதற வேண்டாம்.)

பழைய முறையில் கயிற்றைக் கிளைமேல் போட்டு இரண்டாகத் தொங்கவிடுவார்கள். ஒரு முனை இடுப்பில். இன்னொரு பக்கத்தில் முடிச்சு. எடை பாதிப் பாதியாகப் பிரியும், முடிச்சுக்கு வருவது அரைப் பங்குதான். ஆனால் ஓரடி ஏற இரண்டடி கயிறு இழுக்க வேண்டும். நாற்பது மீட்டருக்கு இப்படிப் போனால் தோள்பட்டை முப்பது வயதிலேயே ஓய்வுபெற்றுவிடும். ஒற்றைக் கயிறு வேறு விதம். கயிறு அசையாது, ஆள்தான் போகிறான். பாதத்தில் ஒரு பிடிப்பான், முழங்காலில் ஒரு பிடிப்பான் மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறுகிற மாதிரி நடந்தே போய்விடலாம். முதுகும் தோளும் பிழைக்கும்.

இதிலும் ஒரு இடிபாடு. முழு எடையும் முடிச்சின் தலையில். இறுகினால் இறங்க விடாது. பலவந்தமாக இறங்கினால் சூடு. 70 கிலோ ஆள் 30 மீட்டர் இறங்கும்போது சுமார் 20,000 ஜூல் வெப்பமாக மாறியாக வேண்டும். ஒரு சின்ன டம்ளரில் 60 மில்லி தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு, விரல்கடை அளவு இடத்தில். அதனால்தான் முடிச்சுக்கயிற்றைச் சாதாரண நைலானில் செய்யாமல், தீயணைப்பு உடைகளில் போடுகிற அராமிட் இழையில் பின்னுகிறார்கள். அப்படியும் வேகமாக வந்தால் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளத்துவிடும். பளபளப்பு என்றால் இங்கே அழகு என்று அர்த்தமில்லை.

ரொம்ப வருஷம் இதற்கு வழி, ஏற ஒரு கருவி, இறங்க வேறு கருவி. உச்சியில் போய் ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்ட வேண்டும். கைதவறுவதற்கென்றே ஏற்படுத்தின மாதிரி ஒரு நிமிஷம். 2010-ஐ ஒட்டி, கெவின் பிங்கம் என்கிற அமெரிக்க மரமேறி ஒரு சின்ன உலோகத்துண்டைச் செய்தார். ரோப் ரெஞ்ச் என்று பெயர். உள்ளங்கையில் அடங்கும். முடிச்சுக்குச் சற்று மேலே கயிற்றில் உட்காரும். எடை விழும்போது சாய்ந்து கயிற்றை ஒரு வளைவு வளைக்கும், அவ்வளவுதான். அந்த வளைவு எடையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம்தான் முடிச்சுக்கு. முழுச் சம்பளத்தையும் ஒருத்தன் தலையில் கட்டாமல் இரண்டு பிள்ளைகளும் பங்கு போட்டுக் குடும்பத்தைத் தாங்குகிற மாதிரி.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது ஒன்று. ரெஞ்ச் உடைந்து கீழே விழுந்தாலும் ஆள் விழமாட்டான். முடிச்சு இறுகிப் பிடித்துக்கொள்ளும். நடு மரத்தில் மாட்டிக்கொண்டு கத்துவான். கத்துகிற பிள்ளை பரவாயில்லை. கெட்டுப்போகும்போது எந்தப் பக்கம் கெட்டுப்போகிறது என்று பார்த்துத்தான் எதையும் வாங்க வேண்டும். பிரஷர் குக்கர் உள்பட.

முடிச்சே வேண்டாம், எல்லாம் உலோகத்தில் என்கிற கட்சியும் இருக்கிறது. பிரான்ஸின் பெட்ஸல் கம்பெனியின் ஸிக்ஸாக் என்பது சங்கிலிக் கண்ணிகள் போலிருக்கும். ஒரு நெம்புகோலை அமுக்கினால் இறங்கும். முதலில் இரட்டைக் கயிற்றுக்கென்று வந்தது, ஒற்றைக் கயிற்றுக்கு அதன்மேல் ஷிகேன் என்று இன்னொரு துண்டு வேண்டும். 2013-ல் விரிசல் காரணமாகத் திரும்ப அழைத்துக்கொண்டு, திருத்தி மறுபடி விட்டார்கள். யூட்டாவின் ராக் எக்ஸாட்டிகா செய்கிற அகிம்போ இன்னும் நவீனம். உராய்வைக் கயிற்றுக்கும் எடைக்கும் தக்கபடி கூட்டிக் குறைத்து வைத்துக்கொள்ளலாம். முடிச்சு போடத் தெரிய வேண்டாம், எல்லா நாளும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்ளும். விலை மட்டும் ரெஞ்ச், முடிச்சுக்கயிறு எல்லாம் சேர்ந்த செலவைப்போல் சுமார் இரண்டு மடங்கு. குறிப்பிட்ட பருமன் கயிறுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும். தேய்மானம் உள்ளே நடக்கும், சுலபத்தில் கண்ணுக்குத் தெரியாது.

பையனின் மனம் அகிம்போவில்தான் இருந்தது. படத்தை மொபைலில் வால்பேப்பராகவே வைத்திருந்தான். நான் ரெஞ்ச் பக்கம். இரண்டு நாள் வாதம். அவன் வீடியோ காட்டுவான், நான் காகிதத்தில் கணக்கு போடுவேன். மூன்றாம் நாள், அடுப்படியிலிருந்து அக்கா சாதாரணமாகக் கேட்டாள்.

"எல்லாம் சரி. பயந்துபோய் அதையே கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா என்ன ஆகும்?"

பையன் பேசவில்லை. என்னைப் பார்த்தான். பிறகு, "கீழே வரும்மா" என்றான்.

அதுதான் விஷயம். ஆராய்ந்த மூன்று கருவிகளிலும் இறங்குவதற்கு வழி, கையை அதன்மேல் வைத்து அமுக்குவது அல்லது கீழே இழுப்பது. கையை எடுத்தால் நிற்கும். பிடித்தால் இறங்கும், விட்டால் நிற்கும். மனுஷ சுபாவம் இதற்கு நேர் எதிர். பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்துப் பாருங்கள், பிடித்துக்கொள்ளும். விழுகிறவன் கையில் கிடைத்ததைத்தான் பிடிப்பான். ஒரு குளவி கொட்டினால் போதும்.

பயந்து இழுத்தால் தானே பூட்டிக்கொள்கிற கருவிகள் இல்லாமல் இல்லை. உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கி வேலை செய்கிறவர்களுக்கு பெட்ஸலே ஐ-டி என்று ஒன்று செய்கிறது. கைப்பிடியை அளவுக்கு மேல் இழுத்தால் நின்றுவிடும். பாறை ஏறுகிறவர்களின் க்ரிக்ரியிலும் 2017-ல் வந்த மாதிரியில் அந்த வசதி வைத்தார்கள். "அப்ப அதை வாங்கேன்டா" என்றாள் அக்கா. நியாயமான கேள்வி. கட்டடத்தில் வேலை பெரும்பாலும் மேலிருந்து கீழே, ஒரு வழிப் பாதை. மரத்தில் அப்படி இல்லை. ஐந்தடி ஏறி, மூன்றடி இறங்கி, கிளை நுனிக்குப் பக்கவாட்டில் நடந்து, திரும்பி வந்து என்று ஒரு நாளைக்கு நூறு தடவை. ஒவ்வொரு தடவையும் தளர்ந்த கயிற்றைக் கையால் இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தால் ரம்பத்தைப் பிடிக்கக் கை இருக்காது. பையன் இதை ஆங்கிலமும் தமிழுமாகச் சொல்லி முடித்தபோது அக்கா தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, "அப்ப பயப்படாம இருக்கணும்னு சொல்றே" என்றாள்.

"இல்லம்மா. பயந்தாலும் விடணும்."

எனக்கு எங்கள் ஊர் நினைவு வந்தது. திருச்செந்தூர் பக்கம், பனங்காடு. பனையேறியின் உராய்வுக் கருவி கால்களைச் சேர்த்து மாட்டுகிற தளைநார் ஒன்றுதான். மற்றதெல்லாம் பாதத் தோலும் நெஞ்சுத் தோலும். அங்கே சட்டம் தலைகீழ். பிடித்தால் நிற்பான், விட்டால் போனான். சீசனில் காலையும் மாலையும் ஏறி இறங்கியவர்களின் நெஞ்சைப் பார்த்திருக்கிறேன், மரப்பட்டையே ஒட்டிக்கொண்ட மாதிரி காய்த்திருக்கும். சுபாவத்துக்கு ஏற்ற கருவிதான், ஆனால் மன்னிப்பே கிடையாது.

ஒற்றைக் கயிறும் நமக்கு அந்நியமில்லை. 1990-களிலேயே களக்காடு - முண்டந்துறை காட்டில் சௌபத்ரா தேவி, டி.கணேஷ் என்ற ஆராய்ச்சியாளர்கள் மர உச்சிக்கு இப்படித்தான் ஏறினார்கள். வெடிப்பலா மரத்தின் பூவைத் தேடி எந்தெந்த விலங்குகள் வருகின்றன என்று உச்சியிலேயே பார்த்து எழுதினார்கள். அமெரிக்காவில் நளினி நட்கர்னி. அப்பா இந்தியர். உலகத்தில் மர உச்சி ஆராய்ச்சியை ஆரம்பித்து வைத்த சிலரில் ஒருவர். 2015-ல், ரெட்மண்டிலிருந்து காரில் போய்விடக்கூடிய தூரத்தில், ஒலிம்பிக் தீபகற்பத்துக் காட்டில் ஏறத்தாழ 50 அடி உயரத்திலிருந்து விழுந்தார். எலும்புகள் பல முறிந்து, பிழைத்து, மறுபடியும் மரம் ஏறினார். இதைப் பையன் என்னிடம் காரில் வைத்துச் சொன்னான். "அம்மாகிட்ட சொல்லாதீங்க மாமா." சொல்லவில்லை. அக்கா இதை இங்கேதான் படிக்கப் போகிறாள்.

மறுநாள் சனிக்கிழமை. அக்கா டிராக் பேன்ட் போட்டுக்கொண்டு கொல்லைக்கு வந்தாள். "என்னைத் தொங்கவிடு" என்றாள்.

64 வயது. மூட்டுவலிக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். பையன் எதுவும் பேசாமல் பழைய மெத்தையை இழுத்துப் போட்டு, இடுப்புவாரை மாட்டி, ரெஞ்சும் முடிச்சுமாகக் கட்டி, இரண்டடி உயரத்தில் உட்காரவைத்தான். அக்கா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். நின்றது. பிறகு அவன் சொல்லாமல் கொள்ளாமல் கயிற்றை ஒரு ஆட்டு ஆட்டினான். "ஐயோ" என்று முடிச்சை இரண்டு கையாலும் பற்றினாள். சர்ரென்று மெத்தைக்கு வந்துவிட்டாள்.

"இன்னொரு தடவை."

இரண்டாம் தடவையும் மெத்தை. மூன்றாம் தடவையும். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண்மணி வேலி வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஏழாவதோ எட்டாவதோ தடவை, ஆட்டினபோது அக்காவின் கைகள் மேலே போய், பாதி வழியில் நின்று, விரித்தபடி அப்படியே இருந்தன. கயிறு சுழன்றது, அவளும் சுழன்றாள், இறங்கவில்லை. கண்ணை இறுக மூடியிருந்தாள்.

இறங்கினதும் பையனிடம் கேட்டது இதுதான்: "நீ எத்தனை தடவை செஞ்சே?"

"நூறு இருக்கும்."

"ஐநூறு செய். அப்புறம் மேலே போ."

என்னிடம் தீர்ப்பே கேட்கவில்லை. மூன்று வாரத்துக்கு டிக்கெட் போட்டு வந்தவன் நான்.

கருவி விஷயத்தில் கடைசியில் ரெஞ்சும் முடிச்சும்தான் வந்தது. காரணம் என் கணக்கு இல்லை, விலையும் இல்லை. அகிம்போவின் உள்ளே தேய்ந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பாய் என்று அக்கா கேட்டாள். அளவுக் கருவி வைத்துப் பார்க்க வேண்டும் என்றான். முடிச்சுக்கயிறை? கண்ணால் பார்க்கலாம், விரலால் தடவலாம். "அப்ப அதை வாங்கு, நானும் பாக்கலாம்ல" என்றாள். ரெண்டு வருஷம் கழித்து, தொழில் கையில் படிந்த பிறகு அகிம்போ வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம். வால்பேப்பர் மாறவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த முடிச்சுக்கயிறு சாப்பாட்டு மேஜைக்கு வருகிறது. அக்கா படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறாள். பளபளப்பு, பிசிறு, கெட்டித்தட்டின இடம். நான் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு ஒரு இடத்தில் விரலை வைத்து, "இது போச்சு" என்றாள். "இன்னும் ஒரு மாசம் வரும்மா" என்றான் அவன். அக்கா எழுந்து போய் அடுப்படிக் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து வெட்டினாள். அராமிட் இழை, எளிதில் வெட்டுப்படாது. கத்தரி இழையை மென்றுகொண்டே நின்றது. பையன் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய், முப்பது வருஷத்துக்கு முன் ஊரிலிருந்து கொண்டுபோன அரிவாள்மனையை எடுத்து வந்து தரையில் உட்கார்ந்தாள்.